வெறுங்கால் வேண்டுதல்

காலையில் மெஷினுக்குக் கரண்டு கொடுக்கும் முன் சவரிநாதன் கழுத்து ஜெபமாலையைக் கழற்றி சுவிட்ச் போர்டு பக்கத்து ஆணியில் மாட்டிவிடுவார். தொங்குகிற எதையும் அந்த மெஷின் விட்டுவைக்காது. மாலையா, சட்டைக் கையா, கையுறையின் நுனியா என்று பார்க்க அதற்குத் தெரியாது; பிடித்தால் இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மாலையை மாட்டியபின் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டுவார். அடுத்தபடி காலுக்கு ஏதாவது மாட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் கிடையாது. ஆணியும் சிராயும் கொட்டிக் கிடக்கிற பட்டறையில் மனிதர் சில வருஷமாக வெறுங்காலோடு நிற்கிறார்.

பட்டறை கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு மதிலை ஒட்டி இருக்கிறது. முதலாளி தவசிமுத்து, தெற்கேயிருந்து வந்து பாதி ஆயுசு இங்கேயே கழிந்தும் ஊர்ப் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர். கப்பலில் சரக்கு நகராமலிருக்க அண்டை கொடுத்து வரும் பைன் கட்டைகள், உடைத்த பெட்டிகளின் பலகைகள் எல்லாம் துறைமுகத்திலிருந்து லாரி லாரியாக இங்கே வந்து இறங்கும். ஒன்று தடி, ஒன்று மெலிசு. எல்லாமே உப்பும் எண்ணெயும் குடித்து, உடம்பெல்லாம் ஆணியோடு வரும். அவற்றை ஒரே கனத்துக்கு இழைப்பது திக்னஸ் மெஷினின் வேலை. இந்தப் பக்கம் பலகையைக் கொடுத்தால் ரோலர் உள்ளே இழுக்கும், மேலே சுழலும் கத்திகள் சீவும், அந்தப் பக்கம் வழுவழுவென்று வெளியே வரும். கொடுக்கிறவர் சவரிநாதன். அந்தப் பக்கம் நின்று வாங்குகிறவள் கார்குழலி.

கார்குழலி வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து வருகிறவள். நாற்பது வயது இருக்கும், தோள் வலி நிரந்தரமாக இருக்கும். பெற்றவர்கள் தேடித் தேடி வைத்த பெயரை சவரிநாதன் 'கொயலி' என்று சுருக்கிவிட்டார். அவளும் அதை ஒரு குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் அவளுக்கு சவரிண்ணா. இடையில் ஆள் உயரத்துக்கு இரும்பு நின்றுகொண்டிருக்க, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே மெஷினின் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தால்தான். மழைக் காலத்தில் பட்டறைக்குள் தண்ணீர் ஏறும் என்பதால் மெஷினை உயரமாகத் தடித்த பலகைகளின் மேல் போல்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே பலகைகள். அவரும் அதன்மேல்தான் நிற்பார், அவளும் அதன்மேல்தான் நிற்பாள்.

மெஷின் விஷயத்தில் சவரிநாதன் பெரிய பிடிவாதக்காரர். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம் ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு பலகையையும் இரண்டு பக்கமும் அதனால் தடவி, ஆணி இல்லை என்று மனசு சொன்ன பிறகுதான் வாயில் வைப்பார். ஒரே தடவையில் ஆழமாகச் சீவச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கமாட்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தைக் குறைத்து நாலு தடவை விடுவார். பலகைக்கு நேர் பின்னால் ஒருநாளும் நின்றதில்லை, ஒரு எட்டு ஒதுங்கித்தான் நிற்பார். மெஷினுக்குக் கோபம் வந்தால் வாங்கியதைத் திருப்பி எறியும், எறிந்தால் வயிற்றில்தான் வந்து விழும் என்பார். முழத் துண்டுகளைக் கொண்டுவந்து நீட்டினால் அப்படியே கீழே போட்டுவிடுவார். இரண்டு ரோலருக்கும் நடுவே உள்ள இடைவெளியைவிடச் சின்னத் துண்டு உள்ளே போனால் அதைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கத்தி அதைப் பந்தாடிவிடும். சிராய் அடைத்துக்கொண்டால் சுவிட்சை அணைத்து, பெல்ட் முழுக்க நின்ற பிறகு குச்சியால் எடுக்க வேண்டும். கை கூடாது. முதலாளி கத்தினாலும், வெளியே லாரி நின்றாலும், இதில் மாற்றம் கிடையாது.

இப்படிப்பட்ட மனிதருக்குக் காது கேட்காது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவராக யாரிடமும் சொல்லவில்லை.

அது மெஷின் கொடுத்ததுதான். காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று ஆரம்பத்தில் யார் யாரோ சொன்னார்கள். மெஷின் பேசுவதைக் கேட்காமல் எப்படி வேலை செய்வது என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. உண்மையிலேயே அது பேசும். கத்தி மழுங்கினால் ஒரு இழுவையோடு அழும். ஆழம் அதிகமானால் முனகும். ரோலர் வழுக்கினால் சத்தம் ஒரே இடத்தில் நிற்கும். இத்தனையையும் பல வருஷம் உன்னிப்பாகக் கேட்டுக் கேட்டே காது போயிற்று. முதலில் குக்கர் விசில் போயிற்று. பிறகு போன் மணி. அப்புறம் ஆலிஸின் குரல். கட்டிய மனைவியின் குரல் போனது ஒரு கணவனுக்குத் தெரியவரக் கொஞ்சம் நாளாகும், சவரிநாதனுக்கும் ஆயிற்று.

தலையாட்டப் பழகினார். யார் எது சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு, பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்து, ஆட்டியது சரிதானா என்று தெரிந்துகொள்வார். ராயபுரம் கோயில் பூசையில் முன் வரிசைக்காரர் எழுந்தால் எழுவார், முழங்காலிட்டால் முழங்காலிடுவார். பஸ்ஸில் கண்டக்டரைக் கண்டால் கேட்பதற்கு முன்பே சில்லறையை நீட்டுவார். நாள் முழுக்க அடுத்தவர் உதட்டையும் புருவத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பது லேசான வேலை இல்லை. மரம் தூக்குவதைவிட அதுதான் அவரை அடித்துப் போட்டது. வீட்டுக்கு வந்தால் கண் எரியும். சோற்றில் கை வைக்கும்போதே தூக்கம் சொக்கும். வயசாயிட்டுது என்று ஆலிஸ் நினைத்துக்கொண்டாள்.

சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்பது சுலபம். பார்வை மங்கிய மெஷின்காரர் ஒருவரை தவசிமுத்து அடுக்குகிற வேலைக்கு மாற்றியதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். கெட்ட எண்ணத்தில் அல்ல, அந்த ஆளின் விரல் மிஞ்சட்டும் என்றுதான். அந்த ஆள் கொஞ்ச நாள் பலகை அடுக்கினார், பிறகு வருவதை நிறுத்தினார், பிறகு அவர் பேச்சே எழவில்லை. சவரிநாதனை டோல்கேட் வரைக்கும் எல்லோரும் 'திக்னஸ் சவரி' என்றுதான் கூப்பிடுவார்கள். மெஷின் போனால் அந்தப் பெயரும் போகும், அதற்கு மேல் தான் என்ன என்பது அவருக்கே தெரியவில்லை. பயமாக இருந்தது. அதனால் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

கால் விஷயம் தற்செயலாக வந்தது. ஒரு மழை நாளில் செருப்பு வார் அறுந்துபோக, வெறுங்காலோடு மெஷின் முன்னால் நின்றார். சுவிட்ச் போட்டதும் உள்ளங்காலில் ஏதோ ஏறியது. தரைப் பலகை வழியாக மெஷின் அப்படியே உடம்புக்குள் வந்தது. பலகை நுழைவது தெரிந்தது, கத்தி கடிப்பது தெரிந்தது, ரோலர் தவிப்பதும் தெரிந்தது. ஒரு இடத்தில் குதிகாலில் 'தட் தட்' என்று இடித்தது. நிமிர்ந்து மெஷினை அணைத்துப் பார்த்தார். பலகைக்குள் ஒரு உடைந்த ஆணி, காந்தத்துக்கும் தப்பியது, அங்கே உட்கார்ந்திருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. போன காது காலில் கிடைத்தது என்று நினைத்தார்.

மறுநாளும் செருப்பில்லாமல் நின்றதைப் பார்த்துவிட்டு தவசிமுத்து கேட்டார். "என்னய்யா, ஆணி கெடக்க எடத்துல வெறுங்கால்ல நிக்கீரு?"

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்ட சவரிநாதனுக்கு வாயில் வந்த சொல் அதுதான். "வேண்டுதல் மொதலாளி. மாதாவுக்கு."

தவசிமுத்து உடனே வாயை மூடிக்கொண்டார். இந்தப் பக்கத்தில் எந்த முதலாளியும் எந்த வேண்டுதலிலும் கை வைக்கமாட்டான். மாலை போட்டவனுக்கு விடுப்பு, விரதம் இருப்பவளுக்கு லேசான வேலை, வெறுங்கால் என்றால் வெறுங்கால். மாதா யாருக்கானாலும் மாதாதான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பட்டறையோடு நின்றிருந்தால் தேவலை. சேதி அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆலிஸ் எதிரே வந்து நின்று கேட்டாள். "யாருக்காவய்யா வேண்டிக்கினுகீற?"

அவர்களுடைய மகள் சில்வியாவை எண்ணூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மருமகன் ஜெரி அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. சவரிநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு, "சில்வியாவுக்கு" என்றார். ஆலிஸ் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, ஒரு குண்டானில் வெந்நீர் வைத்து அவர் காலைக் கழுவிவிட்டாள். கல்யாணமானதிலிருந்து அவள் அவர் காலைத் தொட்டதில்லை. அவருக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

ஒரு பொய்யைச் சொல்வது பெரிதில்லை, அதைப் போட்டுக்கொண்டு நடப்பதுதான் பெரிது. பட்டறைக்கு மட்டும் என்று ஒரு வேண்டுதல் உண்டா? பஸ் ஸ்டாப்புக்கும் வெறுங்கால், கல்லறைத் திருநாளுக்கும் வெறுங்கால், சித்திரை வெயிலில் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கும் வெறுங்கால். தார் உருகி ஒட்டும். எண்ணூருக்குப் போனால் சாம்பல் காலில் கப்பும். ஆணி குத்தி ஊசி போட்டுக்கொண்டது பல தடவை. பாதம் வெடித்து, சீழ் வைத்து, ஆறி, தோல் தடித்தது. பங்குச் சாமியார் பிரசங்கத்தில் அவர் பெயரைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேசினார் என்று ஆலிஸ் பூரித்துப்போய்ச் சொன்னாள். சவரிநாதன் தலையாட்டினார். பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் அவருக்குக் கேட்டிருக்கவில்லை.

பட்டறையில் அவர் மதிப்பு என்னவோ கூடிக்கொண்டே போயிற்று. பலகைக்குள் ஆணி தட்டிய நொடியே மெஷின் நின்றுவிடும். கத்தி மழுங்குகிற அன்றே கண்டுபிடித்துக் கழற்றுவார். "காலாலயே மரத்தப் படிக்கிறவரு" என்று லாரிக்காரர்கள் கூட வந்து வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்சம் தலைக்கனமும் வந்ததென்று சொல்ல வேண்டும். வேறு எதிலும் சுகமில்லாத மனிதருக்கு அந்த ஒன்றாவது இருக்கட்டுமே.

பிறகு சில்வியாவுக்குக் குழந்தை பிறந்தது.

பெண் குழந்தை. ஜானட் என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் துணியோடு சுருட்டி அவர் கையில் கொடுத்தபோது அது வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது. முகம் சிவந்து, முஷ்டி மடங்கி, உடம்பெல்லாம் குலுங்க அழுதது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுற்றி நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் குழந்தையை நெஞ்சோடு அணைத்தார். அப்போது விலா எலும்பில் சன்னமாக ஒரு அதிர்வு வந்தது. அதுதான் பேத்தியின் குரல் என்று தெரிந்துகொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலிஸ் புது பூட்ஸ் வாங்கி வந்தாள். பட்டறைக்குப் போடுகிற மாதிரி, அடியில் தடித்த ரப்பர் வைத்தது. கோயிலில் குகை மாதிரி கட்டிய மாதா கெபிக்கு முன்னால் அதை வைத்து, மெழுகுத்திரி ஏற்றி, ஜெபித்து, படிக்கட்டில் அவரை உட்காரவைத்துத் தானே காலில் மாட்டினாள். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு முகத்தை நிமிர்த்திச் சொன்னாள். "கேட்டத மாதா குடுத்துட்டா. இனிமே வெறுங்கால்ல நடந்தா, குடுத்தத நம்பலன்னு ஆயிடும்யா."

பொருத்தனை நிறைவேறியபின் அதைத் தொடர்வது சாமியிடம் பேராசைப்படுவது மாதிரி. எந்தக் கத்தோலிக்கக் குடும்பத்திலும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சுற்றி நின்ற பெண்கள் ஆலிஸைக் கட்டிக்கொண்டார்கள். சவரிநாதன் தன் காலைப் பார்த்தார். தலையாட்டினார்.

திங்கட்கிழமை பூட்ஸோடு மெஷின் முன்னால் நின்று சுவிட்சைப் போட்டார். ஒன்றுமில்லை. பெல்ட் சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தது, தூள் பறப்பது தெரிந்தது, ஆனால் மெஷின் அவரிடம் பேசவில்லை. இடுப்பை அதன் சட்டத்தில் சாய்த்துப் பார்த்தார். எல்லாம் கலந்து ஒரே உறுமலாக வந்ததே தவிர பேச்சாக வரவில்லை. தவசிமுத்து வந்து பூட்ஸைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் தோளைத் தட்டினார். இப்பத்தான்யா எனக்கு நிம்மதி என்று உதடு சொன்னது. அவர் போகட்டும் என்று காத்திருந்து கழற்றிவிடலாமா என்று யோசித்தார். கழற்றினால் சாயங்காலத்துக்குள் ஆலிஸுக்குப் போய்விடும். குழந்தை பிறந்த வீட்டில், மாதாவை நம்பாதவன் என்ற பேச்சு எழும். கழற்றவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அவரைச் சக்கையாய்ப் பிழிந்தன. காந்தத்தை இரண்டு தடவை தடவினார். வெளியே வந்த ஒவ்வொரு பலகையையும் கையால் தடவி, வரி விழுந்திருக்கிறதா, கருகியிருக்கிறதா என்று பார்த்தார். பலகையின் வால் ரோலரை விடும்போது லேசாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முனையில் பள்ளம் விழும். கால் சொல்லிக்கொண்டிருந்த அந்த நொடி இப்போது தவறித் தவறிப் போனது. வேலை மெதுவாயிற்று. வயசு காட்டுதுய்யா என்று தவசிமுத்து முகம் சுளித்தார். கார்குழலி மெஷினின் தலைக்கு மேலாக அவரை அடிக்கடி எட்டிப் பார்த்தாள். ஏன் பார்க்கிறாள் என்று யோசிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

அன்று துறைமுகத்துக்குப் பெட்டி கட்டும் அவசர ஆர்டர். வாசலில் லாரி நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது பட்டறையில் ஒரே ஒருவருக்குத்தான் தொந்தரவாக இல்லை. மதியச் சாப்பாடு தள்ளிப்போயிருந்தது. சவரிநாதன் பலகைக்குப் பின் பலகையாக விட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் தூள், தலையில் ஒரு பாரம். மெஷினுக்கு மேலே கார்குழலியின் முகம் தெரிந்தது. வாய் அசைந்தது. ஏதோ சொல்கிறாள். என்ன என்று கேட்க வேண்டும், கிட்டே போய் உதட்டைப் பார்க்க வேண்டும். அசதியாக இருந்தது. தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு அடுத்த பலகையை எடுக்கக் கையை நீட்டினார். பலகைக் குவியலும் சுவிட்சும் ஒரே பக்கம்தான்.

அவள் சொன்னது இது: "சிராய் மாட்டிக்கினுச்சுண்ணா, நிறுத்து."

தலையாட்டினதைப் பார்த்தாள். கை சுவிட்ச் பக்கம் போனதைப் பார்த்தாள். அணைத்த பிறகும் கத்தி கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், சத்தமும் இருக்கும். பெல்ட் நிற்கிறவரை காத்திருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. ஹாரன் அடித்தது. அவள் காத்திருக்கவில்லை. குச்சியை உள்ளே விட்டு, அடைத்திருந்த சிராயை நெம்பினாள். அதே நேரம் இந்தப் பக்கமிருந்து புதுப் பலகை உள்ளே வந்து குச்சியை மேலே தள்ளியது. கத்தி குச்சியைக் கவ்வி இழுத்தது. குச்சியோடு அவள் கையும் இழுபட்டது.

சவரிநாதன் ஒதுங்கி நின்றிருந்ததால் பிழைத்தார். அவருடைய இடுப்புக்குப் பக்கமாக ஏதோ ஒன்று பறந்து போய்ப் பின்சுவரில் மோதியது. திரும்பிப் பார்த்தால் உடைந்த குச்சி. அப்போதுதான் அவர் சுவிட்சை அடித்தார்.

கடைசி நொடியில் அவள் குச்சியை விட்டிருந்தாள். கை கத்திக்குப் போகவில்லை. ஆனால் விரல் முட்டி நாலும் இரும்பு விளிம்பில் உரசித் தோல் கழன்று, ரத்தம் பலகை மேல் சொட்டியது. கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் ஏறியிருந்தது. தவசிமுத்து ஓடி வந்தார். ரத்தத்தைப் பார்த்ததும் பயம் வந்து, பயம் கோபமாயிற்று. அவள் எதிரே நின்று கையை ஆட்டிக் கத்தினார். சவரிநாதன் உதடுகளைத் துரத்தினார். ஓடுத மெஷின்ல யாரு உன்னக் குச்சிய வுடச் சொன்னது? சொல்லிட்டுச் செய்யணும்னு தெரியாதா? சவரிகிட்டச் சொன்னியா?

கார்குழலி வலியில் முகம் சுருங்க, ஒருதரம் சவரிநாதனைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "சொல்லல மொதலாளி. என் தப்புதான்."

"நாளைலருந்து நீ வராண்டாம்" என்றார் தவசிமுத்து. அது சவரிநாதனுக்கு உதட்டிலேயே தெளிவாகத் தெரிந்தது.

சவரிநாதன் அவளை டோல்கேட் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்கு ஆட்டோவில் அழைத்துப் போனார். தையல் போட்டு, கட்டுக் கட்டி, வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள்தான் அவர் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்து, முகத்தை நேரே வைத்துக்கொண்டு, நிதானமாகப் பேசினாள். அவள் எப்போதுமே அவரிடம் இப்படித்தான் பேசுவாள் என்பது அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது.

"ரெண்டு தபா ஒதச்சேண்ணா" என்றாள்.

"இன்னாத்த?"

"தரைய. நீ பூட்ஸ் மாட்டிக்கினு கீறன்றது நாபகமில்ல. பயக்க தோசம். ஒதச்சா நீ நிறுத்திருவ இல்ல, அப்டியே நம்பிட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. அவள் வலது காலைத் தூக்கி கிளினிக்கின் சிமெண்டுத் தரையில் குதிகாலால் இடித்துக் காட்டினாள். தட் தட்.

அந்த இடி அவருக்குத் தெரியும். குதிகாலில் வரும். ஆணி தட்டினால் வரும், கத்தி மழுங்கும் அன்று வரும், ரோலர் வழுக்கும்போது வரும். அது வந்தால் அவர் நிமிர்ந்து மெஷினை அணைப்பார். லாரிக்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள்.

"எம்மா நாளா?" என்றார்.

"நீ செருப்பக் கயட்டின நாள்லேர்ந்து. அதுக்கு முன்னயே தெரியும், உனுக்குக் காது கீது ஒண்ணும் கேக்கலன்னு. கத்திக் கத்திப் பாத்தேன், நீ திரும்பல. ஆணி டிக்குனு அடிச்சிது. பேஜாரா பூடுமேன்னு காலால ஒதச்சேன். டக்குனு நின்னுட்ட."

"அப்ப அந்த மெஷினு..."

"மெஷினும் பேசியிருக்கும்ணா. கொஞ்சம் நானும் பேசினேன்."

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. மெஷினின் இரும்பு அவள் காலை மறைத்துக்கொண்டு நின்ற அத்தனை வருஷத்தையும் நினைத்தார். தோள் வலியோடு பலகையைத் தாங்கிக்கொண்டு, தன் காதால் அவருக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு, ஒருத்தி தினமும் தரையை உதைத்திருக்கிறாள். அவர் அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கும் கீழே, பெயர் தெரியாத ஒரு ஆறுதலும் இருந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நீ வேண்டுதல்னு சொல்லிக்கினு இருந்த. ஒருத்தர் வேண்டுதல்ல நா இன்னாத்துக்குக் கைய வுடணும்?"

"மொதலாளிகிட்ட ஏன் அப்டிச் சொன்ன?"

அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துப் பார்த்தாள். "நா எங்கனா போய் மூட்ட தூக்கிக்குவேன். நீ இன்னாண்ணா பண்ணுவ?"

அவளை வியாசர்பாடிக்கு ஆட்டோ ஏற்றிவிட்டு சவரிநாதன் பட்டறைக்குத் திரும்பி நடந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. வேறு நாளாயிருந்தால் பெட்டி பெட்டியாக உள்ளங்காலில் ஏறியிருக்கும். கேட் ஓரத்தில் உட்கார்ந்து ஆலிஸ் போட்ட முடிச்சை அவிழ்த்தார். பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆலிஸுக்கும் சொல்லியாக வேண்டும். வெந்நீர் வைத்துக் கழுவிய காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் இது முடியட்டும் என்று எழுந்தார்.

தவசிமுத்து மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார். ரத்தத்தின் மேல் யாரோ மரத்தூள் போட்டிருந்தார்கள். சவரிநாதன் பூட்ஸைக் கீழே வைத்தார்.

"கொயலி சொன்னா மொதலாளி. நிறுத்துன்னு சொன்னா. நான் தலையாட்னேன். அத நம்பித்தான் குச்சிய வுட்டா."

முதலாளியின் முகம் அவருக்கு நேராக இருந்தது. "பின்ன ஏம்யா பலகைய வுட்டீரு?"

சவரிநாதன் வாயைத் திறப்பதற்குள் வெளியே டிரைவர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். தவசிமுத்து வாசல் பக்கம் திரும்பிவிட்டார். திரும்பியபடியே இவரிடமும் பேசினார். தோள் அசைவதிலும் கை இவர் பக்கம் நீள்வதிலும் அது தெரிந்தது. கேள்வியா, திட்டா, போனால் போகிறது என்கிறாரா, முதுகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பேசி முடித்து முதுகு காத்திருந்தது.

சவரிநாதனின் தலை வழக்கம்போலத் தானாக ஆடத் தொடங்கியது. அதை நிறுத்த அவர் பலகைக் குவியலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"கேக்கல மொதலாளி" என்றார். "இப்ப நீங்க சொன்னதும் கேக்கல, அவ சொன்னதும் கேக்கல. ரொம்ப நாளாவே கேக்கல. இந்தப் பக்கம் திரும்பி இன்னொரு தபா சொல்லுங்க."

தவசிமுத்து திரும்பினார்.